தரை மட்டத்து ஸ்டேஷன்

மனு எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். வெள்ளைத்தாளை மேஜைமேல் வைத்து, ‘அனுப்புநர்’, ‘பெறுநர்’ என்று போட்டு, ‘பணிவுடன் தெரிவித்துக்கொள்வது’ என்று ஆரம்பிக்கும்போது ஒரு மனிதன் முகத்தில் ஒரு திருப்தி வரும் பாருங்கள், அதை என் அப்பா முகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. என் முகத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்பா சொல்லச் சொல்ல, அந்த மனுவை முத்து முத்தாக எழுதியவள் நான்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குழாய் ஒழுகினால் மனு. சுண்ணாம்பு அடிக்க மனு. ஒரு பிளாக்கிலிருந்து இன்னொரு பிளாக்குக்குக் குவார்ட்டர்ஸ் மாற்ற மனு. எழுதிக் கொடுத்துவிட்டால், இன்றைக்கு இல்லாவிட்டாலும் அடுத்த மாதம் சைக்கிளில் ஓர் ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போவார். மற்ற ஊர்களில் ஜனங்கள் மண்வெட்டியை எடுக்கிற இடத்தில் நாங்கள் பேனாவை எடுப்போம். எழுதினால் வரும் என்பதில் எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. எழுதாமல் விட்டது வராது என்பதை மட்டும் ஒருத்தரும் யோசித்ததில்லை.

அப்பா சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் பர்மனென்ட். காலையில் கம்பெனி பஸ்ஸில் போவார், மாலையில் கம்பெனி பஸ்ஸில் வருவார். ரயில் ஏறுவது வருஷத்தில் நாலைந்து தரம் இருந்தால் அதிகம். செப்டம்பரில் வேளாங்கண்ணி, மற்றபடி சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணம், சாவு. இப்பேர்ப்பட்டவர்தான் ரயில் பயணிகள் சங்கத்தின் செயலாளர். சங்கத்து மற்ற ஆட்களும் அதே ரகம்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீட்டு முன்னறையில் கூடுவார்கள். அந்த வீட்டில் தினமும் ரயிலில் போய் வருகிற ஆள் ஒருத்திதான். அவள் உள்ளே டீ போட்டுக்கொண்டிருப்பாள்.

அம்மா டீச்சர். கடலூருக்குச் சற்று முன்னால், கடல் காற்று எட்டுகிற தூரத்தில், ஒரு கிராமத்து மிஷன் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுத்தாள். ஊரின் பெயர் வேண்டாம். பள்ளிக்கூடத்திலிருந்து ஐந்து நிமிஷம் நடந்தால் ஸ்டேஷன். ஸ்டேஷன் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். ஓடு போட்ட ஒரு சின்ன டிக்கெட் அறை, ஒரு சிமெண்ட் பெஞ்சு, பின்னால் சவுக்குத் தோப்பு. வண்டி வருகிற நேரத்துக்கு மட்டும் டிக்கெட் கொடுக்கிறவர் வந்து பூட்டைத் திறப்பார். பிளாட்பாரம் கிடையாது. தண்டவாளத்தை ஒட்டி நீளமாக ஒரு மண் தரை, ஓரத்தில் வரிசையாகக் கல் பதித்திருக்கும், அவ்வளவுதான். வண்டி ஒரு நிமிஷம் நிற்கும். அந்த ஒரு நிமிஷத்தில் தரையிலிருந்து பெட்டிக்கு ஏற வேண்டும்.

அம்மா குள்ளம். முட்டி வலி வேறு. நாற்பது வயதிலேயே படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். இருந்தாலும் வருஷக்கணக்காக அந்தத் தரையிலிருந்து மீட்டர்கேஜ் வண்டியில் ஏறி வந்தாள் என்றால், அதற்கு ஒரே காரணம் அந்த ஊர்க் கருவாட்டுக்காரம்மா. அந்த அம்மாள் சாயங்கால வண்டியில் கூடையோடு நெய்வேலிக்கு வந்து, மந்தாரக்குப்பத்தில் ஷிப்ட் முடிந்து போகிற கூட்டத்திடம் விற்றுவிட்டு, தங்கை வீட்டில் படுத்து, மறுநாள் காலை வண்டியில் ஊர் திரும்புவாள். அதே வண்டியில்தான் அம்மா பள்ளிக்கூடம் போவாள். காலையில் கருவாட்டுக்காரம்மா முதலில் குதித்து, அம்மாவை இடுப்பில் பிடித்து இறக்கிவிடுவாள். மாலையில் கூடையை உள்ளே தள்ளிவிட்டு, அம்மாவைப் பின்னாலிருந்து தோள் கொடுத்து ஏற்றிவிடுவாள். “கூடையோட கூடையா என்னையும் ஏத்திடறாங்க” என்று அம்மா வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். அவள் புடவையில் கருவாட்டு வாடை அடிக்கிறது என்று அப்பா முகம் சுளிப்பார்.

அந்தப் பள்ளிக்கூடத்தின்மேல் அம்மாவுக்கு அப்படி ஒரு பற்று. தான் ‘அ’ போடச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணமாகி, தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து அதே வகுப்பில் விட்டார்கள். ரிட்டயராகிற வரை அங்கேயே இருந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. நகை கேட்டதில்லை. டூர் கேட்டதில்லை.

நான் பிளஸ் டூ படித்தபோதுதான் அந்த மனு. எங்கள் லைனை பிராட்கேஜ் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. சங்கத்துக்கு ஜுரம் வந்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை விவாதம். சென்னைக்கு நேரடி எக்ஸ்பிரஸ் வேண்டும், முன்பதிவுக் கவுண்டர் வேண்டும், நெய்வேலி ஸ்டேஷனுக்கு நீளமான கூரை வேண்டும், பயணிகள் தங்கும் அறை வேண்டும். மொத்தம் பத்துக் கோரிக்கைகள். பத்தாவதாக, அப்பா தாராள மனசோடு அம்மாவுடைய ஸ்டேஷனையும் சேர்த்துக்கொண்டார். அதற்கு ஒரு மின்விளக்கும் புதுப் பெயர்ப்பலகையும் வேண்டும் என்று. தான் ஒருநாள்கூட இறங்கிப் பார்க்காத ஸ்டேஷனுக்கு என்ன தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது!

டீ கிளாஸ்களை எடுக்க வந்த அம்மா அதைக் கேட்டுவிட்டு நின்றாள்.

“ஏங்க, லைட்டு எதுக்குங்க? நான் வெளிச்சத்துலயே ஏறி வந்துடறேன். தரையைக் கொஞ்சம் ஒசத்தித் தரச் சொல்லி எழுதுங்க. புது வண்டி இன்னும் ஒசரமா இருக்கும்னு கார்டு சொன்னாரு.”

சங்கத்தில் ஒருவர் சிரித்தார். “டீச்சர், பிராட்கேஜ் வந்தா எல்லாமே பெருசாத்தான் வரும். பிளாட்பாரம் மட்டும் சின்னதா இருக்குமா?”

“எக்ஸ்பிரஸ் கேக்குற எடத்துல போய்ப் படிக்கட்டு கேட்டா, மனுவுக்கே வெயிட் போயிடும்” என்றார் அப்பா.

அம்மா என் பக்கம் குனிந்து, “நீயாச்சும் ஓரமா ஒரு வரி எழுதிடேன்டி” என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பத்து பாயிண்ட் முடிஞ்சிடுச்சும்மா. இனிமே சேத்தா பக்கம் அசிங்கமாயிடும்.”

சொன்னது நான்தான். பக்கம் அழகாக இருந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். தினமும் ரயிலில் போகிறவளிடம் கையெழுத்து கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை, கிளாஸ் கழுவப் போய்விட்டாள்.

கொஞ்ச காலத்தில் வேலை ஆரம்பித்து லைனை மூடினார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் வண்டி இல்லை. அம்மா இரண்டு பஸ் மாறி, மெயின் ரோட்டில் இறங்கி, ஊருக்குள் மணலில் நடந்து போனாள். போக ஒரு நடை, வர ஒரு நடை. ராத்திரி முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொள்வாள். அந்தச் சமயத்தில்தான் மந்தாரக்குப்பம் பக்கமே ஒரு மிஷன் பள்ளியில் இடம் காலியானது. வருகிறீர்களா என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் போய்விடலாம். அம்மா யோசித்தாள். அப்பா, “எதுக்கு? பிராட்கேஜ் வந்துட்டா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிடலாம். நீ ஆசப்பட்ட எடத்துலயே இரு” என்றார். அன்பாகத்தான் சொன்னார், அதையும் நான் மறைக்கப்போவதில்லை. அந்த இடத்துக்கு வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்கள்.

முதல் வண்டி விட்ட நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அப்போது நான் காலேஜ் கடைசி வருஷம். சங்கத்து ஆட்கள் பஸ்ஸில் கடலூர் போய், அங்கிருந்து புது வண்டியில் நெய்வேலிக்கு வருவதாக ஏற்பாடு. அப்பா என்னையும் அழைத்துப் போனார். அம்மா, “பள்ளிக்கூடம் இருக்கு. சாயங்காலம் என் ஸ்டேஷன்லயே ஏறிக்கறேன்” என்று சொல்லிவிட்டு, காலையில் பஸ்ஸுக்குப் போகும்போதே கிறிஸ்துமஸுக்குக் கட்டுகிற நீலப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். இன்ஜினில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். மேளம் அடித்தார்கள். யாரோ பெரியவர் கொடி அசைத்தார். அப்பாவுக்கும் ஒரு பொன்னாடை கிடைத்தது. பெட்டிக்குள் லட்டு கொடுத்தார்கள். ஜன்னல் அகலமாக இருந்தது, வண்டி ஆட்டமே இல்லாமல் போனது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

அம்மாவின் ஸ்டேஷன் வந்தது. புதுப் பெயர்ப்பலகை பளிச்சென்று இருந்தது. கம்பத்தில் விளக்கும் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காகிதக் கொடியை ஆட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நான் வாசலுக்கு ஓடினேன், அப்பா எனக்கு முன்னால் நின்றார். கீழே பார்த்தேன். அம்மா எங்கோ பள்ளத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. புது ஜல்லி கொட்டித் தண்டவாளத்தை உயர்த்தியிருந்தார்கள். பெட்டி பழைய பெட்டியைவிட உயரம். மண் தரை மட்டும் அதே பழைய தரை. கீழ்ப்படி அம்மாவின் இடுப்புக்கு இருந்தது.

“ஏறு, ஏறு, கையக் குடு!” என்று அப்பா கத்தினார். ஒரு கையில் பொன்னாடை. இன்னொரு கையை நீட்டினார். கருவாட்டுக்காரம்மா கூடையை மேலே எறிகிற மாதிரி தள்ளிவிட்டு, அம்மாவுக்குப் பின்னால் வந்து முட்டுக்கொடுத்தாள். அம்மா ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். பட்டுப்புடவை காலில் சிக்கியது. எப்படியோ முட்டியை ஊன்றி எழப் பார்த்தாள், முட்டி மடங்கிவிட்டது. கொடி ஆட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஆட்டுவதை நிறுத்திவிட்டார்கள். கார்டு விசில் ஊதினார். வண்டி நகர ஆரம்பித்ததும் அம்மாவே, “விடுங்க, விடுங்க, கைய விடுங்க” என்றாள். அப்பா விட்டார். அம்மா ஜல்லியில் சரிந்து உட்கார்ந்தாள். கருவாட்டுக்காரம்மா ஓடிவந்து ஏறியிருக்கலாம், அவளுக்கு அந்தத் தெம்பு இருந்தது. கூடை வண்டியோடு போவதைப் பார்த்தாள், பிறகு அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

வண்டி அப்போதும் மெதுவாகத்தான் போனது. அப்பா இறங்கவில்லை. நான் இறங்கவில்லை. எனக்கு இருபது வயது, குதித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, பஸ்ல வந்துடு!” என்று கத்தினேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த வார்த்தை ஞாபகம் வரும்போது எனக்கு என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றும். கூடை நெய்வேலி வரைக்கும் எங்களோடு வந்தது. யாருடைய கூடை, ஏன் நாறுகிறது என்று பெட்டியில் எல்லோரும் கேட்டார்கள். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நன்றாக இருட்டிய பிறகு அம்மா வீட்டுக்கு வந்தாள். முழங்கை சிராய்த்திருந்தது, நீலப் புடவையில் ஜல்லித் தூளும் மண்ணும். முன்னறையில் சங்கத்துக்காரர்கள் இன்னும் கலையவில்லை. “டீச்சர், எப்படி நம்ம வண்டி?” என்று ஒருவர் கேட்டார். அவர் வேறு பெட்டியில் வந்தவர், நடந்தது தெரியாது.

“நல்லாருக்குங்க. ரொம்ப ஒசரம்” என்றாள் அம்மா. அப்புறம் உள்ளே போய் டீ போட்டாள்.

கோபித்துக்கொண்டிருக்கக் கூடாதா அவள்? தட்டை எறிந்திருக்கக் கூடாதா? அத்தனை பேருக்கும் முன்னால் அப்பாவின் மானத்தைக் காப்பாற்றினாள். வண்டியில் ஏற இல்லாத முட்டி, அவர் மானத்தைத் தாங்க மட்டும் அவளுக்கு இருந்தது போலும். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மாவையும் விட்டுவைக்கவில்லை. அடுக்களையில் போய், “ஏன் சும்மா இருக்க?” என்று அவளிடமே எகிறினேன். அவள் என்னைப் பார்த்தாள். “ஒரு வரிதானேடி” என்றாள்.

நான் வண்டியிலிருந்து இறக்கிக் கொண்டுவந்திருந்த அந்தக் கூடையை மறுநாள் காலை அம்மாதான் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அதற்குப் பிறகும் அவள் விட்டுவிடவில்லை. வகுப்பறையில் இருந்த மர ஸ்டூலை மாலையில் ஸ்டேஷனுக்கு எடுத்துவந்து, அதன்மேல் நின்று ஏறிப் பார்த்தாள். கருவாட்டுக்காரம்மா பின்னால் பிடித்துக்கொள்ள, ஒரு வாரம் அப்படி ஓடியது. பிறகு ஒருநாள் ஸ்டூல் சரிந்து அம்மா விழப் பார்த்தாள். அதைப் பார்த்த கார்டு பயந்துபோய், “அம்மா, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என் வேலை போயிடும். இதெல்லாம் கொண்டாராதீங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. மறுபடியும் பஸ், மறுபடியும் மணல் நடை. முட்டி முழுசாக மக்கர் செய்தது. இனி நடக்கவே கூடாது என்றார் டாக்டர். ரிட்டயராக இன்னும் நாலு வருஷம் இருக்கும்போதே அம்மா விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தாள். விருப்பமாம், விருப்பம்! யாருடைய விருப்பம்? அந்த வார்த்தையைப் படிவத்தில் பார்த்தபோது கிழித்துப் போடலாம் போல இருந்தது எனக்கு.

அப்பாவுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. “அடுத்த மனுவுல சேத்துடலாம், முதல் பாயிண்ட்டாவே போட்டுடலாம்” என்றார். எழுதிக்கொண்டும் வந்து அம்மாவிடம் கையெழுத்துக்கு நீட்டினார். அம்மா தாளைத் தொடவில்லை. “நான் இனிமே அங்க ஏறப்போறதில்லைங்க. ஏறுறவங்க இருக்காங்க, அவங்ககிட்டப் போய் வாங்குங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, மார்க்கெட்டுக்குப் போகிறவரிடம் காய்கறி சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அப்பா போகவில்லை. வெயில் என்றார், முதுகு வலி என்றார், வருகிற வாரம் என்றார். அந்த ஸ்டேஷனில் ஒரு தரமாவது இறங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கடைசிவரைக்கும் அவர் அந்தத் தரையில் கால் வைக்கவில்லை.

சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே ஒரு மனு எழுதினேன். சங்கம் வேண்டாம், அப்பா வேண்டாம். ஒரே கோரிக்கை, தரையை உயர்த்த வேண்டும். கைநாட்டுக்கு ஒரு மைப்பெட்டி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மதிய வண்டியில் போய் இறங்கினேன். இறங்கினேன் என்றா சொன்னேன்? படியில் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துத் தொங்கிக் குதித்தேன். உள்ளங்கை உரிந்தது. மாலை வண்டிக்கு வருகிற ஆட்களுக்காகச் சிமெண்ட் பெஞ்சில் காத்திருந்தேன். முதலில் வந்தது கருவாட்டுக்காரம்மா.

“டீச்சரம்மா பொண்ணா? அதே மூஞ்சி” என்றாள், கூடையை இறக்கிக்கொண்டே. “டீச்சரம்மா எப்பிடி இருக்குது?”

“நல்லா இருக்காங்க. வீட்லதான் இருக்காங்க.”

“தெரியும், புள்ளைங்க சொல்லிச்சிங்க. ஏன் வேலைய வுட்டுச்சி?”

“முட்டி வலிங்க.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “முட்டி வலி அப்பவுந்தான் இருந்துச்சி. நாந்தான் தெனம் தூக்கி வுட்டுகினு இருந்தன்.”

சொல்லிவிட்டேன். அம்மா எழுதச் சொன்னதையும், பக்கம் அசிங்கமாகும் என்று நான் எழுதாமல் விட்டதையும் அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அம்மாவுக்காகத்தான் இப்ப எழுதிட்டு வந்திருக்கேன்” என்று தாளை எடுத்தேன். “நீங்க கைநாட்டு வெச்சா போதும்.”

“டீச்சரம்மாவுக்காவன்னு கேக்காத. அது முடிஞ்சி போச்சி” என்றாள். “நான் நாளைக்கும் இதுலதான் ஏறணும். எனக்குன்னு எதனா எழுதிகினு வந்திருக்கியா? படி, கேக்குறன்.”

தாளைப் பார்த்தேன். முப்பது வருஷ ஆசிரியப் பணி, பாதியில் நின்ற சேவை, ஒரு தாயின் வேதனை என்று பக்கம் முழுக்க அம்மா இருந்தாள். கருவாட்டுக் கூடையோடு அந்தத் தரையில் நிற்கிறவளைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.